செவிலிய மாணவர் மதிப்பீடு: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்

செவிலிய மாணவர் மதிப்பீடு நர்சிங் பயிலும் மாணவரிடம் இரண்டைப் பார்க்கிறது. நோயாளியைப் பராமரிக்கத் தேவையான பாட அறிவு முதலாவது. அந்த அறிவைக் கொண்டு, கட்டிலில் கிடப்பவருக்கு இந்த நேரத்தில் என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று கண்டுகொண்டு, செய்ய வேண்டியதைக் காலம் தாழ்த்தாமல் செய்யும் திறன் இரண்டாவது. இதை மருத்துவ முடிவெடுப்பு என்கிறார்கள். கல்லூரி வகுப்புகளில் ‘கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்’ என்றே வழங்குகிறது. பாட அறிவை அளக்க ஒரு வினாத்தாளும் சில மணி நேரமும் போதும். முடிவெடுப்பை அளப்பதற்கு உலகமெங்கும் கடந்த ஐம்பது ஆண்டுகளாகப் புதுப்புது முறைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேரளத்தில் தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் இந்த இரண்டாவது திறனுக்குத் தேவை மிகுதி. பெரிய மருத்துவமனை தொலைவில் இருக்கிறது, இடையில் மலைப்பாதை. டாக்டர் எல்லா நேரமும் வார்டில் இருப்பதில்லை. இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் ஒரு மாற்றத்தை அரை மணி நேரம் முன்னால் கவனித்தால் ஆம்புலன்ஸும் அரை மணி நேரம் முன்னால் புறப்படும். ஆகவே இப்பகுதியில் பணியாற்றப் போகும் மாணவரை எதை வைத்துச் சோதிக்கிறோம் என்ற கேள்வியில் நோயாளியின் உயிரும் அடங்கியிருக்கிறது.

பகுதியும் நோயாளிகளும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் சித்தூர் தாலுகா உள்ளது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரைப்பதி, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எனத் தமிழ் பேசும் ஊர்கள் இங்கே வரிசையாக உண்டு. பரம்பிக்குளம் கேரளத்தின் முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் அங்கே வண்டியில் போக வேண்டுமானால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து ஆனைமலை, சேத்துமடை வழியாகத்தான் போக வேண்டும். அங்குள்ள காடர், மலசர் குடியிருப்புகளில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அவர் முதலில் எந்த மாநில மருத்துவமனையைச் சேர்வார் என்பதைச் சாலைதான் தீர்மானிக்கிறது. மாவட்டத்தின் வடகிழக்கில் அட்டப்பாடி. இருளர், முதுகர், குறும்பர் வாழும் மலைநிலம். கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான அரசு சிறப்பு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து மேற்கே மண்ணார்க்காட்டுக்குக் கொண்டைஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். கிழக்கே ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர்.

இடுக்கியில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு தாலுகாக்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் பல தலைமுறைகளாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இவர்களைத் தவிர, தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக நாள்தோறும் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வந்து மாலையில் திரும்புகிறவர்களும் உண்டு. அண்மைக் காலத்தில் ஜார்க்கண்ட், அசாம் பகுதிகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது. மூணாறிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரியும் தொலைவு, தேனி மருத்துவக் கல்லூரியும் தொலைவு. கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடி 2010இல் உருவானது. முதுவர்கள் வாழும் இந்தக் காட்டுக் குடிகளிலிருந்து நோயாளியைச் சுமந்துகொண்டு நடந்துவந்த கதைகள் ஏராளம்.

இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரி 2014இல் தொடங்கி, இடையில் அங்கீகாரம் இழந்து, 2022இல் மறுபடியும் மாணவர்களைச் சேர்த்தது. பாலக்காடு அரசு மருத்துவக் கல்லூரியும் 2014இல் தொடங்கியதுதான். 2023இல் கேரள அரசு புதிய நர்சிங் கல்லூரிகளை அறிவித்தபோது இடுக்கி, பாலக்காடு ஆகிய இரண்டு மாவட்டங்களும் பட்டியலில் இருந்தன. இப்பகுதி மாணவர் பலர் கோயம்புத்தூரிலும் தேனியிலும் படிக்கிறார்கள். அங்கே பயின்றவர்கள் எல்லை தாண்டி வந்து இங்கே பணியில் சேர்கிறார்கள்.

தேர்வை நடத்துவோர்

கேரளத்தில் நர்சிங் பட்டத் தேர்வுகளைத் திருச்சூரில் இயங்கும் கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துகிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகம் இது. தமிழ்நாட்டில் இந்தப் பணி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் பாடத்திட்டம் வகுத்துக் கொடுத்தது 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அந்தச் சட்டத்தின் இடத்தில் தேசிய நர்சிங், மகப்பேற்றுத் துறைக்கான ஆணையம் ஒன்றை அமைக்க 2023இல் புதிய சட்டம் வந்தது.

கவுன்சில் 2021இல் அரசிதழில் வெளியிட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் பெரிய மாற்றம். ஆண்டுத் தேர்வு போய் எட்டு செமஸ்டர்கள் வந்தன. கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப். எழுத்துத் தேர்வில் பல்கலைக்கழகத்துக்கு 75 மதிப்பெண், கல்லூரியின் இன்டர்னலுக்கு 25. தேர்ச்சிக்கு எழுத்திலும் செய்முறையிலும் தனித்தனியே 50 விழுக்காடு வேண்டும். செயற்கைச் சூழலில் பயிற்சி, நிலையங்கள் அமைத்துச் சோதிக்கும் ‘ஓஸ்கி’, செய்முறையை நேரில் நின்று பார்த்து மதிப்பிடுதல் ஆகியவை பாடத்திட்டத்துக்குள்ளேயே இடம்பெற்றன. பட்டம் பெற்றவர் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டால் பணியில் சேரலாம். அமெரிக்காவில் இருப்பதுபோல் தனி உரிமத் தேர்வு எழுதிப் பதிவு பெறும் வழக்கம் இந்தியாவில் இருந்ததில்லை. ஆகவே கல்லூரியும் பல்கலைக்கழகமும் நடத்தும் தேர்வுகளே நோயாளிக்கும் தகுதியில்லாத கைக்கும் நடுவே நிற்கும் கடைசித் தடுப்பு. இந்தப் பொறுப்பின் கனம் இன்டர்னல் மதிப்பெண் போடும் இடத்தில் எல்லா நேரமும் உணரப்படுவதில்லை.

எழுத்துத் தேர்வு எதை அளக்கிறது

கட்டுரை வினா, குறுவினா, கொள்குறி வினா ஆகிய மூன்றும் வழக்கத்தில் உள்ளவை. ஒரு நோயின் இலக்கணம், காரணம், அறிகுறி, செவிலியப் பராமரிப்பு என்று வரிசையாக எழுதும் கட்டுரை வினாவில் நல்ல நினைவாற்றல் உள்ள மாணவர் நிறைய மதிப்பெண் பெறுவார். அந்த அறிவு தேவையானதுதான். அது இல்லாமல் முடிவெடுப்பு நிகழாது.

கணக்கு வினா ஒன்றைப் பார்க்கலாம். 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும்; சொட்டுக் குழாயில் 20 சொட்டு 1 மி.லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42. விடை சரி, மதிப்பெண் கிடைக்கும். இதே கணக்கை ஒரு நோயாளியின்மேல் வைத்துக் கேட்டுப் பார்ப்போம். அட்டப்பாடி ஊர் ஒன்றிலிருந்து வந்த எட்டு மாதக் கர்ப்பிணி, ஹீமோகுளோபின் 5.8 கிராம், மல்லாந்து படுக்க முடியவில்லை என்று உட்கார்ந்தே இருக்கிறார், கால் வீங்கியிருக்கிறது, சொட்டு போட்டு ஒரு மணி நேரத்தில் இருமல் தொடங்கியிருக்கிறது. இப்போது 42 சொட்டு என்று கணக்கிட்டு அதை ஓடவிடும் மாணவர் ஆபத்தானவர். கடும் இரத்தசோகையில் இதயம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிறது. ஏற்றும் திரவம் நுரையீரலில் தேங்கும். சொட்டின் வேகத்தைக் குறைத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, நெஞ்சைக் கேட்டு, ஆக்சிஜன் அளவு பார்த்து, உடனே டாக்டரை அழைப்பவர்தான் தேர்ச்சி பெற வேண்டியவர். இரண்டு வினாவிலும் எண்கள் ஒன்றே. இரண்டாவது வினாவில்தான் நோயாளி இருக்கிறார்.

கொள்குறி வினாவையும் இப்படி எழுத முடியும். ‘பூச்சிமருந்து நஞ்சுக்கு மாற்று மருந்து எது?’ என்று கேட்டால் அட்ரோபின் என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். ‘அட்ரோபின் போதுமான அளவு போய்விட்டது என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்?’ என்று கேட்டு, விரிந்த கண்பாவை, வறண்ட வாய், 130 நாடித்துடிப்பு, நுரையீரலில் கரகரப்பு நீங்குதல் என நான்கு விடைகளைக் கொடுத்தால், உடனிருந்து பார்த்துக் கற்றவர் யார் என்று தெரிந்துவிடும். நல்ல வினாவில் தவறான விடைகளும் சிந்தித்து எழுதப்பட்டவை. ஒவ்வொன்றும் மாணவர் உண்மையில் செய்யக்கூடிய ஒரு பிழையாக இருக்க வேண்டும். தேர்வு முடிந்தபின் எந்த வினாவை எத்தனை பேர் சரியாக எழுதினார்கள், மொத்தத்தில் நன்றாக எழுதியவர்கள் அந்த வினாவையும் சரியாக எழுதினார்களா என்று அலசிப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். நல்ல மாணவரைத் தவறவிட்டு, படிக்காதவரைத் தேற்றும் வினா எந்தத் தாளிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும்.

முடிவெடுப்பின் கட்டங்கள்

அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் கிறிஸ்டின் டானர் 2006இல் வெளியிட்ட மாதிரி இத்துறையில் அதிகம் எடுத்தாளப்படுகிறது. கவனித்தல், பொருள்கொள்ளுதல், செயல்படுதல், செய்ததை எண்ணிப் பார்த்தல் என நான்கு கட்டங்கள். இதை வைத்து 2007இல் கேத்தி லாசட்டர் மதிப்பீட்டு அட்டவணை ஒன்றை உருவாக்கினார். 11 கூறுகள், ஒவ்வொன்றிலும் 4 நிலைகள். அமெரிக்க உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் 2023 ஏப்ரலில் புதிய வடிவம் எடுத்தபோது ஆறு படிகளை அடிப்படையாகக் கொண்டது: குறிகளைக் கண்டறிதல், அவற்றை அலசுதல், எது முதன்மையான ஆபத்து என்று வரிசைப்படுத்துதல், தீர்வுகளை யோசித்தல், செயலில் இறங்குதல், விளைவைப் பார்த்தல். ஒரே நோயாளியின் கதை வளர்ந்துகொண்டே போக, படிக்கு ஒன்றாக ஆறு வினாக்கள் வருகின்றன.

இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலமாகச் சொல்லித்தரும் செவிலியச் செயல்முறையும் (கணித்தல், செவிலியக் கண்டறிதல், திட்டமிடல், செயல்படுத்தல், மதிப்பிடல்) இதற்கு அந்நியமானதல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மாணவர்கள் எழுதிச் சமர்ப்பிக்கும் ‘கேர் பிளான்’ பெரும்பாலும் நூலிலிருந்து இறங்குகிறது. ஐந்தாம் கட்டில் நோயாளிக்கும் ஒன்பதாம் கட்டில் நோயாளிக்கும் ஒரே வாசகங்கள். அழகிய கையெழுத்து, வண்ண அட்டை, முழு மதிப்பெண். நோயாளியின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்ததற்கான தடயம் அதில் இருக்காது.

ஏலத்தோட்டத்திலிருந்து ஒரு வினாத்தொகுதி

மேலே சொன்ன ஆறு படிகளை எல்லைப் பகுதியின் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் வினாத்தொகுதி எப்படி அமையும் என்பது தெளிவாகும். கீழே உள்ளது கற்பனை நோயாளியைக் கொண்ட மாதிரி.

கம்பத்திலிருந்து ஜீப்பில் வேலைக்கு வந்த 34 வயதுப் பெண். காலை பத்து மணி முதல் ஏலச்செடிகளுக்கு மருந்தடிக்கும் இடத்தில் குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். மதியம் ஒன்றரை மணிக்கு உடன் வேலை செய்தவர்கள் தாலுகா மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். “காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல சிஸ்டர், அதான் மயக்கமா வருது” என்கிறார். கண்ணில் நீர், வாயில் எச்சில் வடிகிறது, உடம்பு முழுக்க வியர்வை. இரண்டு முறை வாந்தி. நாடி 52, ரத்த அழுத்தம் 94/60, ஆக்சிஜன் அளவு 88. கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்கியிருக்கிறது. சேலையும் ரவிக்கையும் மருந்தில் நனைந்திருக்கின்றன.

முதல் வினா, இவற்றில் எவை உடனே கவனிக்க வேண்டிய குறிகள் என்பது. பட்டினி என்று நோயாளியே சொல்லும் காரணம் ஒரு கண்ணி. பசி மயக்கத்தில் நாடி வேகமாக ஓடும். கண்பாவை இப்படிச் சுருங்காது. இரண்டாவது வினா இந்தக் குறிகளை ஒன்றுசேர்க்கச் சொல்கிறது: நீர், எச்சில், வியர்வை, மெதுவான நாடி, சுருங்கிய பாவை எல்லாம் சேர்ந்து ஆர்கனோபாஸ்பரஸ் வகை நஞ்சைக் காட்டுகின்றன. நரம்பு முனைகளில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி முடங்கிவிட, அது தேங்கி உடம்பின் சுரப்பிகளையெல்லாம் திறந்துவிடுகிறது. மூன்றாவது, இப்போது இவரைக் கொல்லக்கூடியது எது? வாந்தியோ வயிற்றுப்போக்கோ அல்ல. நுரையீரலில் சுரக்கும் நீரும் தளரும் மூச்சுத் தசைகளும். நான்காவதும் ஐந்தாவதும் செயல் பற்றியவை. கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டு, நனைந்த துணியைக் கழற்றி, சோப்பு போட்டு உடம்பைக் கழுவ வேண்டும். ஆக்சிஜனும் எச்சிலை உறிஞ்சி எடுப்பதும் இதற்காகக் காத்திருக்கக் கூடாது. இருவர் சேர்ந்து இரண்டையும் ஒருங்கே செய்ய வேண்டும். டாக்டர் சொன்ன அட்ரோபினைக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சைக் கேட்டுச் சொல்ல வேண்டும். போதாவிட்டால் அளவு இரட்டிக்கப்படும். ஆறாவது, விளைவு: நுரையீரல் தெளிவானதா, நாடி 80ஐத் தாண்டியதா, அக்குள் உலர்ந்ததா?

தொகுதி அங்கே முடிந்துவிடக் கூடாது. இரண்டாம் நாள் இரவு நோயாளி தெளிவாகப் பேசுகிறார், கஞ்சி குடித்தார், வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறார். நர்ஸ் என்ன பார்க்க வேண்டும்? தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்ல வேண்டும். நஞ்சு ஏறிய 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்துத் தசைகள் முதலில் தளர்ந்து, பிறகு மூச்சுத் தசைகள் கைவிடும் நிலை ஒன்று உண்டு. தலையைத் தூக்க முடியாதவரை வென்டிலேட்டர் உள்ள இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். எந்தக் கருவியும் வேண்டாத, ஒரு நொடியில் முடியும் சோதனை. இதைக் கேட்கும் வினா ஒரு பக்கக் கட்டுரை வினாவைவிட மாணவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

பாம்புக்கடி

மலையோரத் தோட்டங்களில் பாம்புக்கடியும் இதே அளவு முக்கியம். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது: கூர்மூக்குக் குழிவிரியன். ஏலம், காபித் தோட்டங்களின் சருகுக்குள் கிடக்கும் இந்தச் சிறிய பாம்பின் கடியால் இரத்தம் உறையாமல் போகவும் சிறுநீரகம் பழுதடையவும் கூடும் என்பதைக் கேரள மருத்துவர்கள் 2007இல் ஆய்விதழில் பதிவு செய்தார்கள். நான்கு பாம்புக்கான மருந்து இதற்குப் பயன்படாது. ஒவ்வாமை அதிர்ச்சி மட்டும் வரலாம். பாம்புக்கடி என்றால் விஷமுறிவு என்று ஒற்றை வரியில் படித்த மாணவர் தடுமாறும் இடம் இது.

செய்முறைத் தேர்வில் இதற்குப் பொருத்தமான நிலையம் ‘இருபது நிமிட’ உறைதல் சோதனை. சிரையிலிருந்து புதிதாக எடுத்த 2 மி.லி. இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் நஞ்சு ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயோ, சோப்புத்தூளில் கழுவிய குழாயோ பயன்படுத்தினால் முடிவு பொய்யாகும். இடையில் எடுத்து ஆட்டிப் பார்ப்பதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. கூடவே, மணிக்கு மணி சிறுநீர் அளவு, ஈறு, ஊசி குத்திய இடம் எங்கேனும் கசிகிறதா என்று பார்த்தல், இமை தொங்குகிறதா என்று கவனித்தல் ஆகியவற்றை மாணவர் தாமாகத் தொடங்குகிறாரா என்பதற்கும் மதிப்பெண் வைக்கலாம்.

ஓஸ்கி

ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டனும் உடன் பணியாற்றியவர்களும் 1975இல் அறிமுகப்படுத்திய தேர்வுமுறை இது. அறை முழுக்கப் பல நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நேரம். மணி அடித்ததும் மாணவர் அடுத்ததற்கு நகர வேண்டும். எல்லா மாணவருக்கும் ஒரே பணி, ஒரே மதிப்பெண் பட்டியல். பழைய செய்முறைத் தேர்வில் ஒருவருக்கு எளிய நோயாளி, இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளி என்று வாய்ப்பாகக் கிடைத்த நிலையை இது மாற்றியது. வைவாவில் தேர்வாளரின் மனநிலை வகித்த பங்கையும் குறைத்தது.

மதிப்பெண் பட்டியலிலும் ஆபத்து உண்டு. கை கழுவினார், பெயர் கேட்டார், திரை போட்டார், விளக்கினார் என்று இருபது வரிக்கு ‘ஆம்’ போட்டு முழு மதிப்பெண் பெறும் மாணவர், நோயாளி வெளிறிப்போவதைக் கவனிக்காமலே அத்தனையையும் செய்திருக்கலாம். இதனால் பட்டியலுடன், ‘இவரிடம் என் வீட்டாரை ஒப்படைப்பேனா’ என்பதுபோன்ற ஒட்டுமொத்தக் கணிப்பையும் தேர்வாளர் பதிய வேண்டும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட முறை. ஓரளவே தேறும் நிலையில் உள்ள மாணவர் ஒருவரை மனத்தில் நிறுத்தி, அவர் இந்த நிலையத்தில் எவ்வளவு எடுப்பார் என்று ஆசிரியர்கள் கூடிக் கணித்துத் தேர்ச்சி எல்லையை வகுக்கும் முறையும் உண்டு. எல்லாவற்றுக்கும் 50 என்று கோடு போடுவதைவிட அது நேர்மையானது. எளிய நிலையத்தில் 50 எடுத்தவர் தேறாதவராகவும், கடின நிலையத்தில் 45 எடுத்தவர் திறமையானவராகவும் இருக்கக்கூடும்.

எல்லைப் பகுதி ஓஸ்கியில் சேர்க்கத்தக்க நிலையங்கள் பல. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்ப அலை அறிவிக்கப்பட்டது. வயலில் சுருண்டு விழுந்த முதியவரைக் குளிர்விப்பதை முதலில் செய்கிறாரா, அல்லது குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வரலாறு கேட்கத் தொடங்குகிறாரா என்று பார்க்கலாம். 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவில் 70 பேர் இறந்தார்கள். இரவில் நடந்தது வெளியே தெரியவே மணிக்கணக்கானது. பலர் ஒருங்கே காயமுற்று வரும்போது யாருக்குச் சிவப்பு, யாருக்கு மஞ்சள் அட்டை என்று பிரிக்கும் நிலையம் இம்மாவட்ட மாணவர்களுக்குக் கட்டாயமாக இருக்க வேண்டும். 2018 மே மாதம் நிபா நோயாளியைக் கவனித்த பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி புதுச்சேரி அந்த நோய்க்கே பலியானார். பாதுகாப்பு உடையை அணிவதைவிடக் கழற்றும் வரிசையில்தான் தொற்று நேர்கிறது என்பதால், கழற்றும் செயலைக் கண்ணாடிக்கு முன் நிறுத்திச் சோதிப்பது நல்லது.

நோயாளியின் பேச்சு

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அலுவலகத்தில் மனு கொடுக்க இருக்கும் இந்த வசதி வார்டில் நோவைச் சொல்லவும் இருக்க வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில், வகுப்பில் பேச்சு மலையாளம், நோயாளி கொழிஞ்சாம்பாறைத் தமிழோ, மூணாறு லயத்துத் தமிழோ, அட்டப்பாடி இருளமோ பேசுகிறார். “நெஞ்சு படபடங்குது”, “மேலெல்லாம் முடியல”, “கிறுகிறுன்னு வருது”, “இழுப்பு மாதிரி இருக்கு” என்று சொல்பவரிடமிருந்து எப்போது தொடங்கியது, எங்கே, எதனால் கூடுகிறது என்று கேட்டு வாங்கத் தெரியாவிட்டால் டானர் சொன்ன முதல் கட்டமான கவனித்தலே நடக்காது.

1963இல் அமெரிக்க மருத்துவர் ஹோவர்டு பரோஸ் தொடங்கிவைத்த முறை இங்கே கைகொடுக்கும். பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியாக நடிப்பார். எல்லா மாணவரிடமும் ஒரே விதமாகப் பேசுவார். சித்தூரிலோ மூணாறிலோ கல்லூரி ஓஸ்கி நடத்தும்போது அவ்வூர்த் தமிழ்ப் பெண்களையே இதற்குப் பழக்கலாம். தமிழ் தெரியாத மாணவர் மதிப்பெண் இழக்க வேண்டும் என்பது இதன் நோக்கமல்ல. தெரியாதபோது என்ன செய்கிறார் என்பதுதான் பார்க்க வேண்டியது. உடன் வந்தவரை மொழிபெயர்க்கச் சொல்கிறாரா? மாமியாரை வைத்துக்கொண்டு மருமகளிடம் உதிரப்போக்குப் பற்றிக் கேட்கிறாரா, அல்லது தமிழ் தெரிந்த சிஸ்டரை அழைத்து மறைவில் கேட்கிறாரா? சொன்னதைத் திரும்பச் சொல்லவைத்து உறுதிசெய்கிறாரா? வயதில் மூத்த தோட்டத் தொழிலாளியை ‘நீ’ என்றா, ‘அம்மா, நீங்க’ என்றா அழைக்கிறார்? மரியாதை கிடைக்காத இடத்தில் நோயாளி பாதியைத்தான் சொல்வார்.

அட்டப்பாடியின் பாடங்கள்

அட்டப்பாடியில் சிசுக்கள் அடுத்தடுத்து இறந்த செய்தி 2013இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தாயின் ஊட்டக்குறைவும் இரத்தசோகையும், குறைந்த எடையில் பிறக்கும் குழந்தையும் அங்கே முதன்மைச் சிக்கல்கள். பிரசவத்துக்குப்பின் 500 மி.லி. இரத்தம் போனால் பெரும் உதிரப்போக்கு என்று நூல்கள் பலகாலமாகச் சொல்லி வந்தன. ஹீமோகுளோபின் 7 உள்ள தாய்க்கு அதற்கு வெகு குறைவான இழப்பே தாங்காது. அளவு குறைவுதானே என்று காத்திருப்பவரையும், நாடி ஏறுவதைக் கண்டு கருப்பையைத் தடவி, உதவிக்கு ஆள் அழைப்பவரையும் வேறுபடுத்திக் காட்டும் தேர்வுதான் இங்கே வேண்டும். குளிர்ந்த மலைப் பகுதியில் பிறந்த 1.9 கிலோ குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், மாணவர் முதலில் தொட வேண்டியது அதன் பாதத்தை. உடல்வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இருந்தால் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்த வேண்டும்.

இம்மலைப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் நோயும் உண்டு. ஒன்றிய அரசு 2023 ஜூலையில் இதற்கெனத் தேசிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. கைகால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்று அழும் இளைஞன் மூன்றாம் முறையாக வந்திருக்கிறான். வெளியே காயம் எதுவும் இல்லை. ஊசிக்காக நடிக்கிறான் என்ற எண்ணம் வார்டில் எளிதாகப் பரவும். வலிக்கு மருந்து, போதிய திரவம், கதகதப்பு ஆகியவற்றைத் தந்து, காய்ச்சலோ நெஞ்சுவலியோ ஆக்சிஜன் குறைவோ சேர்கிறதா என்று விடாமல் கவனிப்பது அங்கே செவிலியரின் முடிவெடுப்பு. நோயாளியை நம்புவதும் இந்த வினாவில் ஒரு திறன். அதற்கும் மதிப்பெண் உண்டு.

வார்டிலேயே சோதித்தல்

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் திறனை நான்கு அடுக்காகப் பிரித்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்துகாட்டுவார், உண்மையில் செய்கிறார். எழுத்துத் தேர்வு கீழ் இரண்டையும் ஓஸ்கி மூன்றாவதையும் தொடும். உச்சியைத் தொட வார்டுக்குத்தான் போக வேண்டும். கிளினிக்கல் போஸ்டிங்கில் டியூட்டர் ஒரு மாணவருடன் 15 நிமிடம் நின்று, அவர் ஒரு நோயாளியைக் கவனிப்பதைப் பார்த்து, அங்கேயே தனியே அழைத்து நிறைகுறை சொல்லும் குறுமதிப்பீடுகள் இதற்கு உகந்தவை. டியூட்டர்களுக்கு மாணவர் எண்ணிக்கை மிகுந்தால் இது லாக் புக்கில் கையெழுத்து வாங்குவதாகச் சுருங்கிவிடுகிறது. கேரளத்தின் குடும்ப சுகாதார மையங்களில் டாக்டரைப் பார்க்கும் முன் நர்ஸ் முன்பரிசோதனை செய்யும் ஏற்பாடு இருப்பதால், அந்த மேசையே சோதனைக்கு நல்ல இடம். நாற்பது பேர் வரிசையில் யாரை முன்னால் அனுப்ப வேண்டும் என்று மாணவர் சொல்லட்டும், காரணத்தையும் சொல்லட்டும்.

பிரிட்டனில் 2012இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறை போன்றவை மூச்சு, ஆக்சிஜன், நாடி, அழுத்தம், வெப்பம், உணர்வு ஆகியவற்றைக் கூட்டி நோயாளி சரிகிறாரா என்று காட்டுகின்றன. மாணவர் அட்டவணையைச் சரியாகக் கூட்டுவதைச் சோதிப்பதுடன், மதிப்பெண் குறைவாக இருந்தும் ‘இவர் சரியில்லை’ என்று அவருக்குத் தோன்றும்போது அதைச் சொல்லத் துணிகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

அயல்நாட்டுத் தேர்வுகளின் பாதிப்பு

கேரளச் செவிலியர்களில் பலருக்கு அடுத்த தேர்வு வெளிநாட்டுத் தேர்வு. என்கிளெக்ஸில் குறைந்தது 85, அதிகம் 150 வினாக்கள், ஐந்து மணி நேரம். பிரிட்டனுக்குப் போகிறவர்கள் கணினித் தேர்வுக்குப்பின் பத்து நிலையங்கள் கொண்ட ஓஸ்கியை அங்கே போய் எழுதுகிறார்கள். உள்நாட்டில் எய்ம்ஸ் 2020 முதல் நடத்தும் செவிலியர் ஆட்சேர்ப்புத் தேர்வான நார்செட் உண்டு. பயிற்சி மையங்கள் இவற்றுக்காக முடிவெடுப்பு வினாக்களைத் தீவிரமாகப் பழக்குகின்றன. பட்டம் வாங்கி வெளியே வந்தபின் பணம் கட்டிப் பழகும் இந்தத் திறன் இரண்டாம் செமஸ்டரிலேயே கல்லூரியில் தொடங்கியிருக்க வேண்டியது. அந்த வினாக்களில் வரும் நோயாளியும் இப்பகுதிக்குப் புதியவர். அவருக்கு விரியன் கடித்திருக்காது, அவர் ஏலத்தோட்டத்தில் மருந்தடித்திருக்கவும் மாட்டார்.

இப்பகுதிக்கு உரிய சோதனைகளில் ஒன்றாக, நோயாளியை மேல்மருத்துவமனைக்கு அனுப்பும்போது தொலைபேசியில் சொல்லும் செய்தியையும் தேர்வு நிலையமாக்கலாம். நான் யார், நோயாளி யார், இப்போது என்ன ஆபத்து, பின்னணி என்ன, இதுவரை என்ன செய்தோம், உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். அடிமாலியிலிருந்து கோட்டயத்துக்கும், கோட்டத்தறையிலிருந்து திருச்சூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகும் அழைப்புகள் இவை. மறுமுனையில் ஒரு டாக்டர் இடைமறித்துக் கேள்வி கேட்பதுபோல் தேர்வாளர் நடிக்க வேண்டும். அட்ரோபின் கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அவர் கேட்பார். மாணவரின் குறிப்புச்சீட்டில் அந்த நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.